மட்டம் தட்டிய ஏழாம் வகுப்பு

கேள்வித்தாளைக் கையில் கொடுத்ததும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் பெயர் எழுத இடம் தேடுவார்கள். பெயர் வேண்டாம் என்றால் நம்பமாட்டார்கள். அப்புறம் ஒருவன் எழுந்து, இதற்கு மார்க் உண்டா என்பான். மார்க் நீங்கள்தான் போடப்போகிறீர்கள், உங்கள் ஆசிரியர்களுக்கு, என்று சொன்னதும் வகுப்பு மொத்தமும் ஒரு சுற்றுப் பெருத்துவிடும். பெஞ்சில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்ட ஐந்தாம் வகுப்பு ஆள் ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

கடைவீதிப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் இதெல்லாம் நடக்கவில்லை. தாளை வாங்கினார்கள். புரட்டிப் பின்பக்கம் பார்த்தார்கள். முதல் பெஞ்சுக்காரன் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வீதியிலேயே கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள். மாலையில் புத்தகப் பையை இறக்கிவிட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்காருகிறவர்கள். நானும் ஒரு பாத்திரக் கடையில், அழுதால் பெரிய அண்டாவுக்குள் இறக்கிவிடப்பட்டு வளர்ந்தவன்தான். ஆபீசில் எனக்குப் பித்தளை என்றே பெயர். அப்படிப்பட்டவனுக்கு அந்த இடத்திலேயே மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். வியர்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிகளில் பாடம் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளிடமே கேட்டு ஆராய்வது எங்கள் நிறுவனத்தின் வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் சில வாக்கியங்கள் இருக்கும். 'புரியும்வரை சொல்லிக்கொடுக்கிறார்', 'கேள்வி கேட்டால் கோபப்படுவதில்லை', இப்படி. கொஞ்சமும் இல்லை என்றால் ஒன்று, மிகவும் உண்மை என்றால் ஐந்து, நடுவில் மற்றதெல்லாம். ஆய்வுக்குத் தலைமை அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் கூடப் பிறந்தவர் அளவுக்குத் திட்டுவார். தாளைக் கொடுத்து வாங்கி, எண்களைக் கணினியில் ஏற்றி, அட்டவணை போடுவது நான்.

அக்கா வழக்கம்போல முன்னுரையை வாசித்தார். தலைமை அலுவலகத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய வாக்கியம் அது. "சிறப்பாகக் கற்பிக்கும் ஆசிரியர்களைக் கண்டறிந்து, அவர்களுடைய திறமை பிற பள்ளிகளுக்கும் பயன்படச் செய்வதே இந்த ஆய்வின் நோக்கம்."

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. பூட்டுக்கடைக்காரர் மகள். வகுப்பில் அவளைச் சாவி என்று கூப்பிட்டார்கள். ஒல்லியான பிள்ளை, கண் மட்டும் தராசு முள் மாதிரி நிலைக்கு வந்து நிற்கும்.

"மேடம், நல்லா நடத்துறவங்க யாருன்னு கண்டுபிடிச்சு?"

"கண்டுபிடிச்சு, மத்த ஸ்கூலுக்கும் பயன்படணும்மா."

"மத்த ஸ்கூலுக்கு."

"ஆமாம்மா."

"அப்ப, சரியா நடத்தாதவங்க?"

அக்காவுக்குப் பிள்ளையின் இரக்க குணம் பிடித்துப்போய்விட்டது. "அவங்களை நினைச்சுப் பயப்படாதேம்மா. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"இங்கயேதான் இருப்பாங்க."

"இங்கயேதான் இருப்பாங்க. யாரும் எதுவும் செய்யமாட்டாங்க."

சாவி உட்கார்ந்தாள். வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, லேசாகத் தொண்டையைச் செருமினாள். பென்சில்கள் ஒரே சீராக ஓட ஆரம்பித்தன.

"என்ன தெளிவாக் கேக்குது பார் அந்தப் பிள்ளை" என்றார் அக்கா, வெளியே வரும்போது. "மத்த இடத்துல எல்லாம் தலையை ஆட்டிட்டு எழுதும்."

ஆசிரியர் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். அறிவியல் டீச்சர் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பின் மூட்டில் ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டிருந்தார். சின்ன வயசு, புடவைத் தலைப்பில் ஏதோ ஒரு திரவம் பட்டுப் பச்சையாகக் காய்ந்திருந்தது. எதிரில் கணக்கு சார், பல்குச்சியும் கையுமாக ஜன்னலோரம்.

"பசங்க ஒழுங்கா எழுதினாங்களா மேடம்?" என்றார் டீச்சர். அக்கறையாகக் கேட்பதுபோல்தான் இருந்தது. ஆனால் ரப்பர் பேண்டைத் தேவைக்கு மேல் சுற்றிக்கொண்டே போனார். "ஏன் கேக்கறேன்னா, நான் தற்காலிகம். இந்த மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுது. நிர்வாகி, உங்க ஆய்வு வரட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கார்."

அக்கா நிமிர்ந்தார். "நாங்க தனி ஆளைப் பத்தி எதுவும் குடுக்கறதில்லையே. பாடவாரியா மட்டும்தான்."

"தெரியும் மேடம். இங்க அறிவியலுக்கு நான் ஒருத்திதான்."

அக்காவின் முகத்தில் ஒரு சின்ன நிழல் போயிற்று. பாடவாரியாகக் கொடுத்தால் ஆள் தெரியாது என்பது பெரிய பள்ளிகளுக்கு எழுதிய விதி. இங்கே ஒரு பாடம் என்றால் ஒரு தலை.

"எனக்கும் இந்தக் கூத்துதானா?" என்றார் கணக்கு சார். "இத்தனை வருஷம் நான் போட்ட முட்டைக்கெல்லாம் இன்னிக்கு வட்டியோட திருப்பிக் குடுத்திருப்பானுங்க. குடுக்கட்டும். ரிட்டயர் ஆகப்போறவனுக்கு எத்தனை வந்தா என்ன."

அவர் சொன்னதை நான் நம்பினேன். வகுப்பில் ஒரு பையன் பேச்சுவாக்கில், கணக்கு சார் வீசும் சாக்பீஸ் குறி தப்பாது என்று பெருமையாகச் சொல்லியிருந்தான். சாருக்கு ஒன்று, டீச்சருக்கு நான்கரை என்று மனசுக்குள் எழுதிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.

எங்கள் கணினி அவசரக்காரன். எண்களை ஏற்றி முடித்ததும் பள்ளிக்கு உரிய சுருக்கத்தைத் தானாகவே அனுப்பிவிடும். அக்கா அட்டவணையை உட்கார்ந்து பார்ப்பதற்குள் அது நிர்வாகியின் கையில் இருந்தது. மறுநாள் காலை அறிவியல் டீச்சரின் போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். நான் டீயை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"மேடம், நான் சண்டை போடக் கூப்பிடலை" என்றது குரல். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த குரல். "எதுல தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க. திருத்திக்கறேன். இங்க இல்லாட்டியும் அடுத்த இடத்துல ஆகும். வேற ஊர்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நேத்து வரைக்கும் போகமாட்டேன்னு சொல்லிட்டிருந்தேன்."

அக்கா ஏதோ சமாதானம் சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பித்தளை, தாளை மாத்தி ஏத்திட்டியா?"

"சத்தியமா இல்லைக்கா."

"அப்ப இதைப் பார்."

அறிவியலுக்கு ஐந்துக்கு இரண்டுகூட இல்லை. 'புரியும்வரை சொல்லிக்கொடுக்கிறார்': ஒன்று. 'பாடம் சுவையாக இருக்கிறது': ஒன்று. ஒரு பிள்ளை விடாமல் எல்லோரும். மற்ற ஆசிரியர்கள் நடுவில் எங்கேயோ. கணக்கு சார் மட்டும் உச்சாணிக் கொம்பில். சுவையான பாடம், ஐந்து. கோபமே வராது, ஐந்து. சாக்பீஸ் குறி தப்பாத மனிதருக்கு.

"பாடத்தை மாத்தி நினைச்சு எழுதிட்டாங்களோ" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன். இப்பக் கடைசிப் பக்கத்தைப் பார்."

கடைசிப் பக்கத்தில் ஆசிரியரைப் பற்றிய பேச்சே இல்லாத சில கேள்விகள் இருக்கும். எந்தப் பாடவேளை நடக்காமல் போனால் உனக்கு வருத்தம்? எந்தப் பாடத்தைப் பற்றி வீட்டில் பேசுகிறாய்? மணி அடித்த பிறகும் எந்த வகுப்பில் இருந்திருக்கிறாய்? எல்லாவற்றுக்கும் அறிவியல், அறிவியல், அறிவியல். ஒருவன் மட்டும் மணி அடித்த பிறகு கணக்கு வகுப்பில் இருந்திருக்கிறான். முட்டி போட்டு, என்றும் சேர்த்து எழுதியிருந்தான்.

"ஒரு பக்கம் பொய், ஒரு பக்கம் நிஜம்" என்றார் அக்கா. "கவனமில்லாம எழுதினா எண்கள் தாறுமாறா இருக்கும். இது கோடு போட்ட மாதிரி இருக்கு. யாரோ உட்கார்ந்து சொல்லிக்குடுத்த மாதிரி. அந்த டீச்சர் மேல ஏதாவது கோபமா?"

நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான், ஒரு நாள் தாமதமாக, மூக்கு வியர்த்தது.

"அக்கா, எங்க கடைக்கு ஒரு அம்மா வருவாங்க. ஒரு குக்கர் மேல கண்ணு. அதைக் கையில எடுத்துட்டு, மூடி சரியில்லை, கைப்பிடி ஆடுது, அடி மெல்லிசு, இதெல்லாம் ஒரு குக்கரான்னு கேப்பாங்க. ஆனா அதைக் கீழ மட்டும் வைக்கமாட்டாங்க. பக்கத்துல இருக்கற தட்டைப் பார்த்து, ஆஹா எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்வாங்க. அதைத் தொடக்கூட மாட்டாங்க."

"சரி. அதுக்கு?"

"பிடிச்சதைப் பிடிச்சதுன்னு சொன்னா விலை ஏறிடும், பொருள் கை விட்டுப் போயிடும். அந்த வீதியில பேச்சு வர்றதுக்கு முன்னாடி அதைத்தான் கத்துக்குவாங்க. இப்ப நம்ம முன்னுரையைப் படிங்க."

அக்கா படித்தார். சிறப்பாகக் கற்பிக்கும் ஆசிரியர்களைக் கண்டறிந்து. பிற பள்ளிகளுக்கும். இரண்டாவது தடவை வாய்க்குள் படித்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கொள்முதல் பண்ண வந்திருக்கோம்னு நினைச்சிருக்காங்க" என்றார்.

"நல்ல சரக்கா எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்னு. அதான் டீச்சரை மட்டம் தட்டியிருக்காங்க. கணக்கு சாரைத் தள்ளிவிடப் பார்த்திருக்காங்க. பழைய ஸ்டாக்கு."

அக்கா சிரித்தார். சிரித்த வேகத்திலேயே நிறுத்தினார். "சிரிக்காதே. நான்தான் அந்தப் பிள்ளைகிட்ட, நல்லா நடத்தாதவங்க இங்கயேதான் இருப்பாங்கன்னு ரெண்டு தடவை உறுதி குடுத்தேன். இந்த முன்னுரையை நாம சோதிச்சுப் பார்த்ததெல்லாம் ஆபீஸ்காரங்க குடியிருப்புப் பள்ளியில. அங்க நல்லதை நல்லதுன்னு எழுதினா ஒரு நஷ்டமும் இல்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா இது உன் ஊகம். என் ஊகமும்தான். ஊகத்தை வெச்சு எண்ணைத் தூக்கி எறிய முடியாது. கிளம்பு, கேட்டுட்டு வரலாம்."

மறுநாள் போய்ச் சேர்ந்தோம். நிர்வாகி பெயிண்ட் மொத்த வியாபாரி. பள்ளிக்குப் பின்கட்டில் இருந்த அவருடைய அறையில் பள்ளிக் கோப்புகளும் வண்ண மாதிரி அட்டைகளும் ஒரே அலமாரியில் கலந்து கிடந்தன. அக்கா விதி, நெறி, நம்பகத்தன்மை என்று முறைப்படி ஆரம்பித்தார். மனிதர் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் குக்கர் கதையைச் சொன்னேன். பாதியிலேயே அவர் மேஜையைத் தட்டினார்.

"அட, என் மூக்குக்கு முன்னாடி வித்தை காட்டியிருக்குதுங்களே." அவருக்கு அவமானமும் பெருமையும் சேர்ந்தே வந்தன. "போன வருஷம் இங்க ஒரு விளையாட்டு சார் இருந்தார். தங்கமான மனுஷன். பார்வையிட வந்தவங்ககிட்ட இதே பசங்கதான் வாய் வலிக்கப் புகழ்ந்தாங்க. அடுத்த மாசமே பெரிய ஸ்கூல்காரன் கொத்திட்டுப் போயிட்டான். ரெண்டு நாள் ஒரு பய சரியாச் சாப்பிடலை. அன்னிக்கே முடிவு பண்ணியிருக்குங்க, இனிமே வாயைத் திறக்கறதில்லைன்னு."

அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஊகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்.

"அப்ப அந்தச் சுருக்கத்தை நாங்க ரத்துப் பண்றோம்" என்றார். "அந்த வகுப்பு விடைகள் எதையும் ஆய்வுல சேர்க்கமாட்டோம். உங்களுக்கு அதை அனுப்பினதே எங்க தப்பு. எழுத்துல தர்றேன்."

"தாங்க. நான் டீச்சருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கறேன். எனக்கென்ன, அவங்களை அனுப்பிட்டு யாரைத் தேடுவேன்? ஆனா ஒரு விஷயம்." நிர்வாகி குரலைத் தாழ்த்தினார். "கணக்கு சார்கிட்ட இந்த ரத்து, கித்து எதுவும் பேசக்கூடாது."

"ஏன்?"

"அவரை இப்பப் பார்த்தீங்களா? உங்க சுருக்கத்தைக் காட்டினதுலருந்து ஷேவ் பண்ணிட்டு வர்றார். நேத்து ஏழாம் வகுப்புல வட்டம் வரையறதுக்குக் கலர் சாக்பீஸ் வேணும்னு என்கிட்ட வந்து கேட்டார். இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட கேட்ட முதல் பொருள். வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லியிருக்கார், பசங்களுக்கு நம்மளைப் பிடிச்சிருக்காம், எனக்கே தெரியாதுன்னு. அவர்கிட்ட உண்மையைச் சொல்றவன் யாரா இருந்தாலும் என் கடையில ஒரு டப்பா வார்னிஷ் வாங்க முடியாது."

"நாங்க யாரைப் பத்தியும் யார்கிட்டயும் எதுவும் சொல்லப்போறதில்லை சார்" என்றார் அக்கா. "முதல்லயே அப்படி இருந்திருக்கணும்."

"நல்லது. அப்ப ஒரு சிக்கல்தான் பாக்கி." நிர்வாகி அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுக்கப் போனவர், எடுக்காமலே திரும்பினார். "டீச்சர் காலையில விலகல் கடிதம் குடுத்துட்டாங்க. நான் இன்னும் கையெழுத்துப் போடலை. என்னால நீட்டிக்கத்தான் முடியும். பிடிச்சுக் கட்டி வைக்க முடியாதே. நீங்க ஆச்சு, அவங்க ஆச்சு."

அறிவியல் டீச்சர் ஆய்வுக்கூடத்தில் தன் சாமான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். சொந்தமாக வாங்கிய காந்தம், லென்ஸ், ஈரப் பஞ்சில் முளைவிட்ட பயறு நிறைந்த கிண்ணங்கள். கிண்ணங்களை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசிப் பாடவேளை முடியக் கொஞ்ச நேரம் இருந்தது.

அக்கா உள்ளதைச் சொன்னார். முன்னுரை தவறு, சுருக்கம் செல்லாது, ஒப்பந்தம் நீளும். பிள்ளைகள் வேறு எந்தக் கேள்விக்கு என்ன எழுதினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது விதி. ஒரு தடவை மீறிய விதியை அவர் இனி உயிர் போனாலும் மீறமாட்டார் என்று எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டியிருந்தால் காரியம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அதனால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. மூன்றாவது தடவையாகக் குக்கர் கதை.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "எங்க அப்பா தபால் ஆபீஸ்ல இருந்தவர் சார். ஸ்டாம்புல யாரும் பேரம் பேசினதில்லை. எங்க வீட்டுல பிடிச்சா பிடிச்சிருக்கும்பாங்க, இல்லாட்டி இல்லைம்பாங்க."

"இங்க அப்படி இல்லைங்க."

"இருக்கலாம். நீங்க எனக்காக அழகா ஒரு கதை கட்டியிருக்கீங்கன்னும் இருக்கலாம்." குற்றமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "நான் அவங்ககிட்டயே கேட்டுட்டேன் சார். இன்னிக்குக் காலையில. நான் போகப்போறேன், வேற ஊர்ல கூப்பிட்டிருக்காங்கன்னு சொன்னேன். ஒருத்தராவது ஏன் டீச்சர்னு கேப்பாங்கன்னு நினைச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"சாவி சொன்னா, போயிட்டு வாங்க டீச்சர், அங்க நல்ல மைக்ராஸ்கோப்பா இருக்கும்னு. அவ்வளவுதான். எல்லாரும் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க. நான் எழுதச் சொல்லவே இல்லை."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஊரைக் கூட்டி ஆராய்ச்சி செய்கிறோம் என்று வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வகுப்பைப் பிரித்துப் போட்டுவிட்டோம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மணி அடித்தது. மற்ற வகுப்புகள் அணை உடைந்ததுபோல் கொட்டிக்கொண்டு போயின. கடைசியாக ஏழாம் வகுப்பு வந்தது. ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டித்தான் வெளிக்கதவுக்குப் போக வேண்டும். பள்ளி விட்ட பிள்ளைகள் ஓடுவார்கள், தள்ளுவார்கள், பையால் அடித்துக்கொள்வார்கள். இவர்கள் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வருபவர்களைப்போல நடந்தார்கள். வாசலைத் தாண்டும்போது ஒருவரும் உள்ளே பார்க்கவில்லை. தாண்டிய பிறகு இன்னும் மெதுவானார்கள். ஒருவன் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். சாவி முன்னால் போனாள், முதுகு நேராக.

"பார்த்தீங்களா?" என்றார் டீச்சர். "திரும்பிக்கூடப் பார்க்கலை."

நான் எழுந்துவிட்டேன். அந்த நடையை நான் கடைக்குள்ளிருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று சொல்லி மாளாது.

"டீச்சர், கூப்பிடுங்க."

"என்ன?"

"அவங்க வேண்டாம்னு போகலை. விலை படியாதவன் கடையை விட்டு இறங்கிப் போவான் பாருங்க, அந்த நடை இது. நிஜமாவே வேண்டாம்னா விறுவிறுன்னு போயிடுவான். வேணும்கறவன்தான் இப்படி எறும்பு மாதிரி போவான், பின்னாலருந்து சத்தம் வருமான்னு காதை வெச்சுக்கிட்டு. அவன் திரும்பினா தோத்துட்டான்னு அர்த்தம். கடைக்காரங்கதான் கூப்பிடணும்."

"கூப்பிட்டு என்ன சொல்றது?"

"எதையாவது சொல்லுங்க. தெரு முனைக்குப் போயிட்டா அப்புறம் கூப்பிட முடியாது."

டீச்சர் அக்காவைப் பார்த்தார். ஆராய்ச்சி படித்த அக்கா, ஆதாரம் இல்லாமல் வாய் திறக்காத அக்கா, "கூப்பிடுங்கம்மா" என்றார்.

டீச்சர் ஒரு பயற்றுக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே வராந்தாவுக்குப் போனார். பிள்ளைகள் வெளிக்கதவை நெருங்கியிருந்தார்கள்.

"சாவி."

ஏழாம் வகுப்பு மொத்தமும் நின்றது. யாரும் திரும்பவில்லை. ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் குனிந்தபடியே அசையாமல் இருந்தான்.

"நான் போகலை" என்றார் டீச்சர். அப்புறம், கேட்டதை அப்படியே கொடுத்துவிடக் கூடாது என்று எங்கிருந்தோ அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். "ஆனா இனிமே தினமும் வீட்டுப்பாடம் உண்டு."

சாவியின் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் பையின் பட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தினமும் கட்டுப்படியாகாது டீச்சர்" என்றாள், வெளிக்கதவைப் பார்த்தபடியே. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, செருமிச் சரிசெய்துகொண்டாள். "ஒருநாள் விட்டு ஒருநாள்."

"தினமும்."

"கணக்கு சாரே கொஞ்சமாத்தான் குடுக்கறார் இப்ப. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்க. அந்தப் பயறை நாங்க வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்துக் கொண்டுவர்றோம்."

டீச்சர் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அழுதாரா சிரித்தாரா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"சரி" என்றார். "வாங்க, வந்து எடுத்துக்குங்க."

அப்போதுதான் ஓடினார்கள். பையால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, வாசலில் இடித்துக்கொண்டு, அக்காவின் காலை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். சாவி மட்டும் கடைசியாக, நடந்தே வந்து, டீச்சரின் கையில் இருந்த கிண்ணத்தை வாங்கி, கடைவீதி வழக்கப்படி ஓரத்தைத் தேய்த்துப் பார்க்காமல், அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அக்கா என் கையைக் கிள்ளினார். அவர் கண் கலங்கியிருந்தது. என் மனசு மட்டும் அடித்துக்கொண்டது. டீச்சர் அவசரப்பட்டுவிட்டார். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்தால் தினமும் என்பதற்கே சம்மதித்திருப்பார்கள்.